மூன்று தொடல்

பிப்ரவரி. தார்த்துவில் காலை ஏழரைக்கும் இருட்டு.
சைக்கிளைப் படிக்கட்டின் அடியில் சார்த்துகிறேன்,
சங்கிலியில் துரு, சாலைக்குத் தூவிய உப்பின் வேலை.
உள்ளே எப்போதும் இருபது டிகிரி.
அலமாரி நிறையக் கையகலத் தட்டுகள்,
அவற்றில் ஒரு மில்லிமீட்டர் நீள உயிர்கள்.
இலையுதிர் காலத்தில் வந்தால் இவற்றின் உறவுக்காரர்களை
என் தோட்டத்து அழுகல் ஆப்பிளில் காட்டுவேன்.

என் வேலை தொடுவது.
பிளாட்டினக் கம்பியின் நுனியால் தலையோரம் ஒரு தொடல்.
நெளிந்தால் ஒரு கோடு.
நெளியாவிட்டால் இன்னொரு தொடல்,
அப்புறம் இன்னொன்று. ஏனென்றால்
சோம்பலா சாவா என்று தீர்ப்புச் சொல்ல
மூன்று தொடல் வேண்டும் என்பது விதி.
பிறகு நோட்டில் எழுதிக்
கம்பியைச் சுடரில் காட்டுகிறேன்.
ஈமக்கடன் அவ்வளவுதான்.

தட்டுகளில் பொட்டுகள்: வெள்ளை, நீலம், பச்சை.
எதில் எது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.
த்ரீனு கலந்தாள், ஹெல்டுர் எழுதிப் பூட்டினார்.
சாவி அவர் மேசையில், காலிப் புகையிலை டப்பாவுக்குள்.
ஆனாலும் தினமும் தொட்ட விரலுக்கு
ஒரு பக்கச் சாய்வு வந்துவிடுகிறது.
எனக்குப் பச்சை பிடித்திருந்தது.
பதினேழாம் நாள் வெள்ளை மெலிந்தது,
கூடவே நீலமும், ஒரு நாள் முந்தி ஒரு நாள் பிந்தி.
பச்சையோ இருபத்தைந்தாம் நாளும்
கம்பி பட்டதும் வாலைச் சுழித்தது,
இன்னும் என்ன வேண்டும் உனக்கு என்பது போல.

இதுதான் வைட்டமின், என்று முடிவு கட்டினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
சனிக்கிழமை உர்மாஸுக்கு இரண்டு டப்பா வாங்கினேன்,
மீன்முட்டை போல் மினுங்கும் ஆரஞ்சு உருண்டைகள்.

செவ்வாய்க்கிழமை பூட்டைத் திறந்தார்கள்.
வெள்ளையில் எதுவும் இல்லை.
பச்சையில் களைக்கொல்லி,
துளியில் துளி. செல்லுக்குள் ஆக்சிஜன்
கொஞ்சம் வெறிகொண்டு அலைகிற அளவு.
நீலத்தில் அதே களைக்கொல்லி,
அதோடு வெறியை அடக்கும் வைட்டமின்.

ஹெல்டுர் தாளைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் வேறு விடை இருக்குமோ என்று.
"பொட்டு மாற்றி ஒட்டிவிட்டாயா?"
த்ரீனு அழவில்லை.
"மறுபடி செய்வோம். இந்த முறை நீங்கள் ஒட்டுங்கள்" என்றாள்.

அவர்தான் ஒட்டினார், ஏப்ரலில், நிறங்களை மாற்றிப்போட்டு.
மஞ்சள் நீண்டது.
புகையிலை டப்பாவுக்குள் மஞ்சள் என்றால் நஞ்சு.
ஜூனில் இன்னொரு முறை. அப்போது இரவே இல்லை,
ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி எண்ணினேன்.
ஊதா.

த்ரீனு கைகழுவிக்கொண்டே சொன்னாள்:
"பொறி எரிக்க மட்டுமா வருகிறது?
சில நேரம் எழுப்பவும் வருகிறது.
செல்லுக்குள் இருக்கிற காவல்காரர்கள்
பொறி பறந்தால்தான் கண் விழிக்கிறார்கள்.
நாம் பொறியை அணைத்துவிட்டு
அவர்களைத் தூங்க வைத்திருக்கிறோம்."
"புழு மனிதர் இல்லை" என்றார் ஹெல்டுர்.
அதுவும் உண்மை. அதை அவர்
தன் வீட்டு அலமாரி டப்பாவை நினைத்துச் சொன்னாரோ
என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வீட்டில் உர்மாஸ் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்.
சமையலறை முழுக்கப் புகை, ஒரு சத்தம் இல்லை.
கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி
வாயைப் பிளந்தபடி தொங்கியது.
பேட்டரி இழுப்பறையில், ஆரஞ்சு உருண்டைகளுக்குப் பக்கத்தில்.
"எப்ப வறுத்தாலும் கத்துது. அதான் கழற்றிட்டேன்" என்றார்,
குளிர்காலத்திலேயே கழற்றியதாம்.

உருண்டைகளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
புழு மனிதர் இல்லை,
என்னிடம் இருப்பது மூன்று முறை எண்ணிய சில நூறு சாவுகள்.
நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன்.
பேட்டரியை அழுத்தினேன், மூடியைத் திருகினேன்.

அலறியது.
உர்மாஸ் எண்ணெய்க் கையோடு காதைப் பொத்திக்கொண்டார்.
மேல்மாடியில் யாரோ எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது.